மாஸ்டர் விலை மட்டும்தான் கேட்டார்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு ஒரு வியாதி உண்டு. வலது கால் சும்மா இருக்காது. பழகுகிறவர் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பக்கத்து இருக்கையில் மாஸ்டர் இருப்பார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பிரேக்கை நம்பித்தான் அந்தச் சாலைகளில் நாயும் மனிதனும் உயிரோடு நடமாடினார்கள். பழகிப்போன காலுக்குக் கார் எது, வீடு எது என்று தெரியுமா? சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது மகள் படபடவென்று பேசினால் கால் தரையை மிதிக்கும். மச்சினன் "மாமா, ஒரு புது பிசினஸ்" என்று வாயெடுத்தால் இரண்டு காலும் மிதிக்கும்.

இன்னொரு வழக்கமும் அவரிடம் உண்டு. முதன்முதலாகக் கிளச்சை மிதிக்கிறவர்கள் பயத்தில் எதையாவது கொட்டித் தீர்ப்பார்கள். பல் டாக்டர் ஒருவர் ரத்தத்தைக் கண்டாலே தனக்குத் தலை சுற்றும் என்று ஒரு மேட்டில் வைத்து ஒப்புக்கொண்டார். வங்கிக் காசாளர் அம்மாள் ஒவ்வொரு சிக்னலிலும் மாமியாரை ஒரு பாடு திட்டிவிட்டுத்தான் முதல் கியர் போடுவாள். மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார், "இண்டிகேட்டர் போடுங்க" என்பார், பாடம் முடிந்ததும் கேட்டதையெல்லாம் காரோடு பூட்டிவிட்டு இறங்கிவிடுவார். மனைவியிடம்கூட மூச்சு விட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

இப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்குத்தான் இன்டர்நெட் வந்தது.

வயர் மாட்ட வந்தவன் ஏணி மேல் நின்றுகொண்டு, ஒரு கையில் டிரில் மெஷினும் மறு கையில் போனுமாக, "சார், இதுல 'ஏற்கிறேன்'னு அமுக்குங்க, அப்பதான் மேல துளை போட முடியும்" என்றான். மாஸ்டர் போனை வாங்கிப் பார்த்தார். நிபந்தனைகள் ஓடின, ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன. விரல்தான் வலித்தது, முடிவு வரவில்லை.

"இதுல என்னப்பா போட்டிருக்கு?"

"எல்லார் வீட்லயும் போட்டிருக்கிறதுதான் சார். ஏணி வழுக்குது, சீக்கிரம்."

கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பாதே என்று காலையிலிருந்து மாலை வரை கத்துகிறவர், கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். டிரில் உறுமியது. அதோடு விட்டாரா? வீட்டில் நாலு பேருக்கும் நாலு கணக்கு எதற்கு என்று எல்லாவற்றையும் தன் பெயரிலேயே போட்டுக்கொண்டார். "வேற யார் நம்பராவது ஒண்ணு குடுங்க சார்" என்று வயர்காரன் கேட்டபோது மனைவியின் நம்பரைக் கொடுத்தார். குடும்பத் தலைவன் என்ற பொறுப்பில் அவர் செய்த காரியம் இது. அதன் பலனை அந்தக் குடும்பம் இன்றுவரை அனுபவிக்கிறது.

அந்த நாலு பேர் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒன்று மாஸ்டர். இரண்டு, வீட்டிலேயே சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கும் அவர் மனைவி. தெருவே அவளை டீச்சர் என்று கூப்பிடும், மாஸ்டரும் குஷியான நேரங்களில் அப்படித்தான் கூப்பிடுவார். மூன்று, கல்லூரியில் படிக்கும் மகள். அவள் போனைப் பார்த்து டான்ஸ் ஆடப் பழகிக்கொண்டிருந்தாள். நாலாவது டீச்சரின் தம்பி. வேலை தேடி வந்து, அக்கா வீட்டிலேயே தங்கி, வேலையைத் தவிர மற்றெல்லாவற்றையும் தேடிக்கொண்டிருந்தான். அப்போதைக்கு அவன் தேடியது இரண்டு: உதிர்ந்த முடி, வளர்ப்பதற்கு முயல்.

கம்பெனிக்கு இந்த நாலு பேரும் ஒரே ஆள். இணைப்பு ஒன்று என்றால் ஆளும் ஒன்றுதானே? அந்த ஆளுக்குப் பெயர் மாஸ்டர்.

முதலில் எண்ணெய் விற்கிறவன் போன் செய்தான். "சார், உங்க வழுக்கை விஷயம் கேள்விப்பட்டோம்." மாஸ்டருக்குத் தலையில் சீப்பு நுழையாது, அப்படி ஒரு அடர்த்தி. அப்புறம் முயல் தீவனக்காரன். அப்புறம் ஒரு டான்ஸ் ஸ்கூலிலிருந்து கொஞ்சும் குரலில் ஒரு பெண், "உங்க வயசுக்கு இடுப்பை இவ்வளவு வளைக்கக் கூடாது சார், முறையா கத்துக்கங்க" என்றாள். டீச்சர் மறுநாள் பாடத்துக்காக எதையோ பார்த்துவைக்க, பத்தாம் வகுப்புக் கணக்கில் தேறாத பெரியவர்களுக்கான இரவுப் பள்ளியிலிருந்து ஆறுதலாகப் பேசினார்கள். வெட்கப்பட வேண்டாம் என்றார்கள்.

வீட்டில் ஒரே சிரிப்பு. "அப்பா, முயலைக் கையில வெச்சுக்கிட்டு ஆடுவீங்களா, தோள்ல வெச்சுக்கிட்டா?" என்று மகள் கேட்க, மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். டீச்சரும் சிரித்தாள். மாஸ்டரும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு புரோக்கர் வந்தான்.

பெரிய சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே உள்ளே வந்து, யாரும் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்து, "சார், நீங்க தேடின மாதிரியே அமைஞ்சிடுச்சு" என்றான்.

"நான் என்ன தேடினேன்?"

"ஒத்தை ரூம் சார். மாடியில. வாசல் தனி, படி தனி. உள்ளேருந்து நல்ல தாழ்ப்பாள். அக்கம்பக்கத்துல யாரும் ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டாங்க. ஒரு ஆளுக்குத் தாராளம்." குரலைத் தாழ்த்திக்கொண்டான், அதாவது தெருமுனை வரை கேட்காமல் வாசல் வரை மட்டும் கேட்கும்படி பேசினான். "வீட்டை விட்டுப் போறது லேசுப்பட்ட முடிவு இல்ல. இந்த வீட்ல ஒருத்தர் கொஞ்ச நாளாவே தேடிட்டு இருக்காருன்னு கம்பெனியில சொன்னாங்க. விஷயம் அந்தரங்கம், போன்ல பேசாதேன்னு கண்டிச்சும் சொன்னாங்க. அதான் நேர்ல வந்தேன்."

மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, முயலையும் கூட்டிட்டுப் போயிடுங்க!" மகளும் சிரித்தாள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாஸ்டரின் கிளாஸில் பாதி டீ அப்படியே இருந்தது, அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாஸ்டர் துள்ளி எழுந்தார். புரோக்கரைக் கிட்டத்தட்டக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். அவன் படியில் நின்றபடி, "முதல்ல எல்லாரும் கோவப்படத்தான் செய்வாங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தன் கார்டை வாசலில் கிடந்த பழைய ஷூவுக்குள் செருகிவிட்டுப் போனான்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டார்.

"நீ அதையெல்லாம் நம்புறியா?"

"இல்ல" என்றாள் டீச்சர்.

"பின்ன ஏன் ஒரு மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்லங்க."

கல்யாணமான எந்த ஆணுக்கும் இந்த 'ஒண்ணுமில்லங்க' எவ்வளவு பெரியது என்று தெரியும். மனைவி தன்னைச் சந்தேகப்படுகிறாள் என்று மாஸ்டர் முடிவுகட்டிவிட்டார். இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு தப்புத்தண்டாவுக்கும் போகாத மனிதருக்கு இது தாங்கவில்லை.

கம்பெனி அதோடு நின்றதா? விவாகரத்து வக்கீல் ஒருவர் தன் குரலையே பதிவு செய்து அனுப்பினார். தனிமையில் சமைப்பது எப்படி என்று ஒரு சமையல்காரர் பாடம் நடத்தினார். வாரக் கடைசியில், பெரிய சிக்னல் ஒன்றில் வண்டி நிற்கும்போது, வங்கிக் காசாளர் அம்மாள் அன்றைக்கு மாமியாரைத் திட்டாமல் மாஸ்டரையே பார்த்தாள்.

"மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. எனக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு."

"என்ன மெசேஜ்?"

அவள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள். "'உங்களுக்கு வாகனம் கற்றுத்தருபவர் குடும்பத்தைப் பிரியும் மனநிலையில் இருக்கிறார். உரிய நேரத்தில் பிரேக் பிடிக்காமல் போகலாம். விபத்துக் காப்பீட்டுக்கு இங்கே தொடவும்.' தொட்டுட்டேன் மாஸ்டர். பிள்ளைங்க இருக்கே."

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. பச்சை விழுந்தும் மாஸ்டரின் கால் பிரேக்கை விடவில்லை. மறுநாளே வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மூக்குக்கு மேல் கோபத்தோடு பஸ் ஏறி, கம்பெனியின் அலுவலகத்துக்குப் போனார்.

வாடிக்கையாளர் நேச மையம் என்று எழுதியிருந்தது. கட்டடம் முழுக்கக் கண்ணாடி. தெருவில் போகிறவன் உள்ளே இருக்கிறவனையும், உள்ளே இருக்கிறவன் பக்கத்தில் இருக்கிறவனின் போனையும் பார்க்கலாம். சுவரில் கொட்டை எழுத்தில், 'உங்கள் அந்தரங்கம் எங்களுக்கு மிகவும் மதிப்பு வாய்ந்தது' என்று போட்டிருந்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

டோக்கனில் நம்பர் கிடையாது. அது மனிதத்தன்மை இல்லாத முறையாம். ஒலிபெருக்கியில் ஒரு தேன் குரல் ஒவ்வொருவரையும் அவரவர் தேடியதைச் சொல்லிக் கூப்பிட்டது.

"மூல வியாதி, இரண்டாவது கவுன்ட்டருக்கு வரவும்."

மிடுக்காகக் கோட் போட்டிருந்த ஒருவர் எழுந்து, யாரையும் பார்க்காமல் நடந்து போனார்.

"பழைய காதலியின் தற்போதைய முகவரி, ஐந்தாவது கவுன்ட்டர்."

ஒரு ஆள் எழப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மனைவி சட்டையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, தானே கவுன்ட்டருக்குப் போனாள்.

"வழுக்கை, முயல், இடுப்பு நடனம், பத்தாம் வகுப்புக் கணக்கு மற்றும் குடும்பத்தை விட்டு ஓடுதல். மூன்றாவது கவுன்ட்டர்."

மொத்த ஹாலும் திரும்பிப் பார்த்தது. மாஸ்டர் எழுந்து போனார். போகிற வழியில் ஒரு பெரியவர் அவர் கையைப் பிடித்து, "எதுவும் அவசரப்பட்டுப் பண்ணிடாதீங்க தம்பி" என்றார்.

கவுன்ட்டரில் இருந்தவர் உறவு அதிகாரி. சட்டையில் குத்தியிருந்த பட்டையில் பெயர் இல்லை. உங்கள் பெயர் என்ன என்று மாஸ்டர் மரியாதைக்குக் கேட்டார்.

"பாதுகாப்புக் காரணங்களுக்காக எங்க பேரை வெளியில சொல்றதில்ல சார். சொல்லுங்க, எப்ப கிளம்புறதா உத்தேசம்?"

"நான் எங்கயும் கிளம்பல! என் வீட்டு விஷயத்தை ஊருக்கெல்லாம் விக்கிறீங்களே, அதைக் கேக்கத்தான் வந்தேன்."

அதிகாரியின் முகம் வாடியது. "சார், விக்கிறதுங்கிறது எங்க ஆபீஸ்ல கெட்ட வார்த்தை. நாங்க பகிர்ந்துக்கிறோம். பகிர்ந்துக்கிட்டவங்க சந்தோஷத்துல ஏதோ குடுக்கிறாங்க. மனசார குடுக்கிறதை வேண்டாம்னு சொல்றது மரியாதையா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணுமா இல்லையா?"

"கேட்டா நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்க. அப்புறம் உங்க பேச்சை மீற வேண்டியிருக்கும். வாடிக்கையாளர் பேச்சை மீறக் கூடாதுங்கிறது எங்க கொள்கை. அதனாலதான் கேக்குறதில்ல."

"அந்த ரூமை நான் தேடல."

"தேடியிருக்கீங்க சார்."

"தேடலன்னு நான் சொல்றேன்."

"உங்களைப் பத்தி எங்களுக்குத் தெரியுமா, உங்களுக்குத் தெரியுமா?" அதிகாரி பொறுமையாகக் கணினியைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க. நடனம் ஆடும் ஆசை, படிப்பை விட்ட ஏக்கம், முயல்கிட்ட பாசம், தனி ரூம். ஓடிப்போறவங்களுக்கு உண்டான அத்தனை லட்சணமும் இருக்கு. தலையில முடி வேற இல்ல."

மாஸ்டர் தன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். "இது என்ன?"

அதிகாரி எட்டிப் பார்த்தார். கணினியையும் பார்த்தார். "அது உங்க தனிப்பட்ட கருத்து சார்."

"இழுத்துப் பாருங்கய்யா!"

"கண்ணால பாத்து முடிவெடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல. எங்க கணிப்பு இதுவரைக்கும் பொய்யானதே இல்ல. சில பேருக்கு உண்மை கொஞ்சம் தாமதமா வரும், அவ்வளவுதான். வழுக்கையும் வரும் சார், நம்பிக்கையை விடாதீங்க."

மாஸ்டர் மேஜையைத் தட்டினார். மேஜையைத் தட்டுகிறவர்களை அந்தரங்கக் காப்பாளரிடம் அனுப்புவது முறையாம். கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் செங்கல் சுவர் வைத்த அறை அது ஒன்றுதான். ஜன்னலில் கனத்த திரை, கதவில் இரண்டு தாழ்ப்பாள். உள்ளே ஒரு மேஜை, ஒரு பென்சில், பொத்தான் வைத்த பழைய போன். கணினி என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. காப்பாளர் கதவைச் சாத்தி, இரண்டு தாழ்ப்பாளும் விழுந்ததா என்று ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"இதுல பேச மட்டும்தான் முடியும்" என்று பழைய போனைத் தடவிக் கொடுத்தார். "நிம்மதி."

"வீட்ல உங்க கம்பெனி இணைப்புதானே சார் வெச்சிருக்கீங்க?" என்று மாஸ்டர் கேட்டார்.

"வீட்லயா?" காப்பாளர் பதறிப்போனார். "பொண்டாட்டி பிள்ளைங்க இருக்காங்க சார்!"

பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மனப்பாடம் செய்ததைச் சொல்ல ஆரம்பித்தார். "அந்தரங்கம் ஒவ்வொரு மனுஷனோட பிறப்புரிமை. அதை நாங்க உயிரைக் குடுத்துக் காப்பாத்துறோம். உங்களுக்குன்னே 'முழு மறைப்பு' திட்டம் இருக்கு. எதையெதை மறைக்கணும்னு ஒண்ணு விடாம எங்ககிட்ட சொல்லிடணும். நீங்க சொன்னாத்தானே நாங்க மறைக்க முடியும்? அதை அப்படியே எங்க பங்குதாரர்களுக்கு அனுப்பிடுவோம்."

"அனுப்புவீங்களா? எதுக்கு?"

"எதைப் பாக்கக் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா? எங்ககிட்ட இருக்கிற சரக்குலயே அதுக்குத்தான் கிராக்கி."

மாஸ்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தன் மானம் போன கதையை ஒரே மூச்சில் சொன்னார். மனைவி சந்தேகப்படுகிறாள், மாணவர்கள் பயப்படுகிறார்கள், இந்த அறையைத் தேடியது தான் இல்லை என்று எழுதிக் கொடுங்கள், போதும் என்றார்.

காப்பாளர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "நீங்க தேடலன்னு எனக்குத் தெரியும். கீழ இருக்கிறவங்களுக்குப் பாதிதான் தெரியும், எனக்கு முழுசும் தெரியும். மாதிரிக்குக் கொஞ்சம் சொல்றேன், இது இலவசம். ரூமைத் தேடுறது பகல் சாப்பாட்டுக்கு அப்புறம். அப்ப நீங்க கார்ல இருக்கீங்க. உங்க பொண்ணு காலேஜ்ல. உங்க மச்சினன் முயல் பாக்கப் போயிடுறாரு. வீட்ல ஒரே ஒரு போன்தான் இருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை பாதி டீயோடு உள்ளே போன கிளாஸ் மாஸ்டருக்கு ஞாபகம் வந்தது. அப்படியென்றால் அவள் தன்னைச் சந்தேகப்படவில்லை. புரோக்கர் பேசியது அவளுடைய அறையைப் பற்றி.

"எதுக்குத் தேடுறாங்க, எத்தனை நாளா, அதோட வேற என்னென்ன பாக்குறாங்க, யாருக்கு எழுதுறாங்க, எல்லாம் இருக்கு." காப்பாளர் குரல் வெண்ணெயாகிவிட்டது. "ஒத்தை ரூம்னு தேடுறவங்க எல்லாரும் ஒத்தையா இருக்கத்தான் தேடுறாங்கன்னு நாம நினைக்கக் கூடாது பாருங்க. உங்களை மாதிரி குடும்பஸ்தர்களுக்காகவே 'குடும்ப நிம்மதி'ன்னு ஒரு திட்டம் வெச்சிருக்கோம்."

"விலை?" என்று மாஸ்டர் கேட்டார். கேட்டது தன் வாய்தான் என்று அவருக்கே உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"ச்சே, காசா? உங்ககிட்டயா? உங்க கார்ல சின்னதா ஒரு பெட்டி பொருத்திக்கிறோம். தீப்பெட்டி அளவுதான். வண்டி பழகுறவங்க நிறைய பேசுவாங்களாமே, அதை அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டு இருக்கும். பல் டாக்டர், வங்கிக்காரம்மா... நல்ல நல்ல ஆளுங்க வர்றாங்க உங்ககிட்ட."

மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். உடனே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை என்பதை நான் மறைத்துப் பிரயோஜனம் இல்லை. அவள் யாருக்கு எழுதுகிறாள்? எழுதத்தான் செய்கிறாளா? தன்னோடு ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, தலையணைக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு, இத்தனை நாளாக எந்த வாசலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்? அந்தப் பென்சில் வைத்த மேஜைக்கு அந்தப் பக்கம் எல்லாம் இருக்கிறது. தீப்பெட்டி அளவு பெட்டிதான். மாமியாரைத் திட்டுவதை எவன் கேட்டால் என்ன?

அவர் வலது கால் தரையைப் பலமாக மிதித்தது. எதற்காக மிதித்ததோ, அதுதான் அவரைக் காப்பாற்றியது. சடாரென்று எழுந்தார்.

"வேண்டாம்."

"நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"யோசிச்சுட்டேன்."

"ஆமா, யோசிச்சீங்க" என்று சொல்லிக்கொண்டே காப்பாளர் பென்சிலால் எதையோ குறித்துக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போது மாஸ்டருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. மலிவாகக் கிடைத்தும் வாங்காமல் வந்த மனிதனின் பெருமிதம் அது. வீட்டுக்குப் போய் எதையும் கேட்பதில்லை, அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வது என்று ஜன்னலோரமாக உட்கார்ந்து தீர்மானம் செய்துகொண்டார். காலுக்கு அடியில் பிரேக் இல்லாமலே நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார்.

டீச்சர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். டியூஷன் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருந்தாள். அவள் போன் மேஜை மேல், அவர் உட்காரும் பக்கம் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது.

'அன்பான வாடிக்கையாளரே, உங்கள் வீட்டைச் சேர்ந்த ஒருவர் இன்று எங்கள் மையத்தில் உங்கள் அந்தரங்கம் பற்றி விசாரித்தார். விலையைக் கேட்டார். கேட்டபின் வெகுநேரம் யோசித்தார். அவர் யார் என்று அறிய இங்கே தொடவும்.'

"நான் தொடல" என்றாள் டீச்சர். "நீங்கதானே?"

மாஸ்டர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நான் உன்னைப் பத்திக் கேக்கப் போகல. என் பேரைச் சரிபண்ணத்தான் போனேன். அவனாத்தான் ஆரம்பிச்சான். நான் வாங்கல!"

"யோசிச்சீங்களே."

"வாங்கலைன்னு சொல்றேன்ல?"

"விலை கேட்டீங்களே."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் மாஸ்டர் பதிலுக்குக் கத்தியிருப்பார், விஷயம் ஒரு வழியாக முடிந்திருக்கும். அவள் தப்பான கணக்கை மாணவனுக்கு எடுத்துச் சொல்லும் அதே குரலில் பேசினாள்.

"காலையில எந்திரிச்சா நீங்க. அப்புறம் அவன், அப்புறம் அவ, சாயங்காலமானா ஊர்ப் பிள்ளைங்க. பாத்ரூம்ல இருந்தாக்கூட 'எங்க போயிட்ட'ன்னு சத்தம் வருது. எனக்கு ஒரு ரூம் வேணும்னு தோணுச்சு. பகல்ல ரெண்டு மணி நேரம். கதவைச் சாத்திக்கிட்டு சும்மா உக்கார. யார்கிட்டயும் 'ஒண்ணுமில்ல'ன்னு பதில் சொல்லாம உக்கார. வாடகைக்கு எடுக்கணும்னுகூட நினைக்கல. நகைக்கடை ஜன்னல்ல வேடிக்கை பாக்குற மாதிரி பாத்துட்டு இருந்தேன், அவ்வளவுதான். யாருக்கும் தெரியாம இருக்கணும்னு நினைச்ச ஒரே ஒரு விஷயம். அதுக்கு ஒருத்தன் சாவிக்கொத்தோட வீட்டுக்கு வர்றான். நீங்க என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். பஸ் ஏறிப் போய் அவங்ககிட்ட கேட்டிருக்கீங்க."

மாஸ்டருக்கு அழுகை வந்தது, அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதுவரை அறைகளை வேடிக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள், அன்றைக்கே ஷூவுக்குள் கிடந்த கார்டை எடுத்து புரோக்கருக்குப் போன் செய்தாள். மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு பூங்கொத்து வந்தது. 'எங்கள் கணிப்பு மெய்ப்பட்டதில் மகிழ்கிறோம்' என்று ஒரு அட்டை அதில் செருகியிருந்தது. மச்சினன் அதைக் கொண்டுபோய், ஒருவழியாகத் தேடிப் பிடித்து வாங்கியிருந்த முயலுக்குப் போட்டான். முயல் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது.

டீச்சர் தினமும் பகல் சாப்பாட்டுக்கு அப்புறம் கிளம்புவாள், டியூஷனுக்கு முன்னால் திரும்புவாள். அந்த அறை எங்கே இருக்கிறது என்று மாஸ்டர் கேட்கவில்லை. கேட்க வாய் துடித்தது, ஆனாலும் கேட்கவில்லை. மனைவிக்குத் தான் செய்யக்கூடியது இனி அது ஒன்றுதான் என்று அவருக்குப் பட்டது. பாடம் எடுக்கப் போகும்போதுகூட மாடிப்படி தனியாக உள்ள வீடுகள் இருக்கும் தெருக்களைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டுதான் போனார். இப்படிச் சில வாரங்கள் போயின. மெல்ல மெல்ல அவள் மறுபடியும் அவரிடம் பேச ஆரம்பித்தாள். ஒருநாள் அவராகவே துணிந்து "டீச்சர்" என்று கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்தாள்.

அந்தச் சமயத்தில்தான், ஒருநாள் மத்தியானம் பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவில், மாஸ்டரின் போனில் கிணுங்கென்றது.

'உங்கள் மனைவியின் புதிய அறையின் முகவரி உங்களுக்கு மட்டும் முற்றிலும் இலவசம். இங்கே தொடவும்.'

மாஸ்டர் பட்டது போதாதா? வாசித்த கையோடு, கண் இமைக்கும் முன் அழித்தார். அழித்துவிட்டுப் போனைக் கவிழ்த்துப் போட்டார். இந்தத் தடவை கம்பெனியை ஜெயித்துவிட்டோம் என்று ஒரு கொழுத்த சந்தோஷம். பல் டாக்டர் அன்றைக்குச் சுவரில் இடித்ததைக்கூட மன்னித்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது டீச்சர் வாசலிலேயே நின்றாள். முகத்தில் சிரிப்பு. எத்தனையோ நாள் கழித்துப் பார்த்த சிரிப்பு. "இதைப் பாருங்க, கொழுப்பெடுத்தவனுங்க" என்று போனை நீட்டினாள்.

'அன்பான வாடிக்கையாளரே, உங்கள் புதிய அறையின் முகவரி இன்று உங்கள் கணவருக்கு இலவசமாக வழங்கப்பட்டது. ஒரு நொடிகூட யோசிக்காமல் அவர் நிராகரித்துவிட்டார். உங்கள் மீது அவருக்குள்ள அக்கறை வேகமாகக் குறைந்துவருவதாகக் கணிக்கிறோம். உங்களுக்கு உதவக் காத்திருக்கும் வழக்கறிஞர்களைக் காண இங்கே தொடவும்.'

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். மாஸ்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். டீச்சர் போனைத் திருப்பி வாங்கி, அழிப்பதற்கு முன்னால் இன்னொரு தரம் வாசித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏங்க," என்றாள், "ஒரு நொடிகூடவா யோசிக்கல?"

மாஸ்டரின் வலது கால் தரையை மிதித்தது.